பிழை எண் 4417

லெமிங்டன் ஸ்பாவில் மழை விட்ட செவ்வாய்க்கிழமை.
பரேடு தெருவில், துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்
பதினோராவது முறையாக
அதே குன்றை ஏறுகிறேன்.

முதல் பாகத்தில் ஒரு கருணை இருந்தது:
நடுப் பொத்தானை அழுத்தினால் போர் நிற்கும்.
குண்டு வந்த வழியில் அந்தரத்தில் தொங்கும்.
தேநீர் போட்டு எடுத்துவந்து, யோசித்து,
பிறகு ஆணையிடலாம், யார் சாவது என்று.
இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.
'நிஜ நேரப் போர்' என்று பெட்டியின் முதுகில்
பெரிதாக அச்சடிக்கப் போகிறார்களாம்.
நிஜ நேரம் யாருக்காகவும் நிற்காது என்பதை
எட்டு இருபது ரயிலை விட்டவளுக்குச்
சொல்லித்தர வேண்டியதில்லை.

கன்ட்ரோலரின் நான்கு பொத்தான்களுக்கும்
நானே பெயர் வைத்திருக்கிறேன்.
கீழே வெட்சி: பதுங்கிப் போய்க் கவர்ந்து வா.
வலப்பக்கம் உழிஞை: சுற்றி வளை.
இடப்பக்கம் நொச்சி: மதிலை விடாதே.
மேலே தும்பை. அதற்கு விளக்கம் வேண்டாம்.
பக்கத்து இருக்கை ஆக்னியெஷ்கா கேட்டாள்:
போருக்கொரு பூவா உங்களுக்கு?
கழுத்துக்கா, கல்லறைக்கா?
இரண்டுக்கும்தான் என்றேன்.

மூன்றாம் அணியில் ஆறாவது ஆள்.
இயந்திரம் குலுக்கிப் போட்ட பெயர், கார்ப்பரல் ஆஷ்வெல்.
அணியைக் குன்றுக்கு ஏவினால்
ஐந்து பேர் ஏறுகிறார்கள்.
இவன் திரும்புகிறான்.
ஓடவில்லை. அறிக்கையில் தனியாக எழுதினேன்:
ஓடவில்லை, நடக்கிறான்.
கோதுமை வயலைத் தாண்டி, எரியும் டிரக்கைச் சுற்றி,
வரைபடம் முடியும் இடத்தில்
அழகுக்காக வரைந்துவைத்த ஆற்றின் கரையில்
போய் நிற்கிறான்.
துப்பாக்கி தோளில். முகம் தண்ணீரில்.
நாங்கள் வென்றாலும் அங்கேதான்,
தோற்றாலும்.

படிவம் கேட்கிறது.
எதிர்பார்த்தது? கீழ்ப்படிதல்.
நடந்தது? மேலே காண்க.
மறுபடி நிகழ்கிறதா? பத்துக்கு மூன்று தடவை.
தீவிரம்?
'சிறிது' என்று குறித்தேன்.
காரெத் வந்து 'பெரிது' என்று மாற்றினார்.
இன்று ஒருத்தன், கவனிக்காவிட்டால் மொத்தமும் போகும் என்றார்.
அவர் பேசியது நினைவகக் கசிவைப் பற்றி.

எங்கள் மொழியில் இதற்குச் சொல் இருக்கிறது, புறமுதுகு.
முதுகில் புண்பட்டவனுக்கு நடுகல் கிடையாது.
ஆனால் ஆஷ்வெலின் முதுகில் கீறல்கூட இல்லை.
எதிரிகள் அவனைச் சுடுவதே இல்லை,
அவன் நிற்கும் இடம் அவர்கள் கணக்கில் உலகமே இல்லை.
வெட்சியிலிருந்து வாகை வரை விரல்விட்டு எண்ணினேன்.
அவன் தலைக்கு ஒரு பூ அகப்படவில்லை.

மதியம் சாண்ட்விச்சோடு ஜெப்சன் பூங்காவுக்குப் போனபோது
லீம் ஆற்றின் வளைவு எங்கேயோ பார்த்ததாக இருந்தது.
திரும்பி வந்து, ஓவியன் ரோட்ரியிடம் கேட்டேன்.
ஆமாம், ஃபோன் படத்தைப் பார்த்து வரைந்ததுதான்.
வாத்துகளை மட்டும் எடுத்துவிட்டேன்,
ஒவ்வொரு வாத்தும் வேகத்தைக் குறைக்கிறது என்றான்.

வாத்தில்லாத அந்தத் தண்ணீரில்
எதைப் பார்த்துக்கொண்டிருந்தானோ.

வியாழன் காலை புதிய பதிப்பு வந்தது.
குறிப்பு: 4417 சரிசெய்யப்பட்டது.
பத்து முறை பார்த்தால் போதும்; இருபது முறை பார்த்தேன்.
இருபதிலும் ஆறு பேரும் ஏறினார்கள்.
கடைசி ஆட்டத்தில் ஆஷ்வெல் மூன்றாவதாக விழுந்தான்,
மற்ற எல்லோருக்கும் உள்ள அதே அலறலோடு.
குன்று எங்களுடையது. வெற்றி மேளம்.
யாரோ கெட்டிலைப் போட்டார்கள்.
சரிபார்க்கப்பட்டது, மூடுக, என் பெயரின் முதலெழுத்து.

பழைய பதிப்பு இன்னும் என் மேசைக் கன்சோலில் கிடக்கிறது.
இடம் போதவில்லை, அழிக்கவா என்று
தினமும் காலையில் கேட்கிறது அது.
ஆமாம். இல்லை. பிறகு.
மூன்றாவதை அழுத்திவிட்டு
நான்காம் வரைபடத்தைத் திறக்கிறேன், பாலைவனம்,
அங்கே ஆறு கிடையாது.